தோற்றவரின் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தீர்ப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவது. மனு தள்ளுபடியா, அனுமதியா? ஜெயித்தவர் அதைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவார். அவருக்குக் காரணம் எதற்கு? தோற்றவர்தான் முதல் பக்கத்துக்குத் திரும்பிவந்து வரிவரியாகப் படிப்பார். 'நான் சொன்னதைக் காதில் வாங்கினார்களா, இல்லையா' என்பதுதான் அவர் அதில் தேடுவது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சட்டம் படிப்பவர்கள், செய்திக்காகத் தீர்ப்புகளை அலசுபவர்கள், சொந்த வழக்கின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்கள் என யாருக்கும் இது பயன்படும். பல வருடம் தீர்ப்புகளைப் படித்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது: ஒரு தீர்ப்பு எவ்வளவு திடமானது என்று தெரிய வேண்டுமா, அது தள்ளிவிட்ட வாதத்தை எப்படி நடத்தியிருக்கிறது என்று பாருங்கள். ஏற்றுக்கொண்ட வாதத்தை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதிவிடலாம்.

தொடங்குமுன் ஒரு சந்தேகம்

'நீதிபதி முதலில் முடிவெடுத்துவிட்டு அப்புறம் காரணம் தேடுகிறார், அவ்வளவுதானே?' என்று பலர் கேட்பார்கள். சில சமயம் அப்படியும் நடக்கும். அதில் பெரிய குற்றமில்லை. கணக்குப் போடுபவருக்கும் விடை முதலில் பொறி தட்டலாம். படிப்படியாக நிறுவிக் காட்டினால்தான் மற்றவர்கள் ஏற்பார்கள். முடிவு நீதிபதியின் மனதில் எந்த வழியாக வந்தது என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த முடிவைத் தாங்க அவர் எழுதிவைத்த காரணங்கள் நம் முன்னால் இருக்கின்றன. நாம் சோதிக்கப்போவது அவற்றைத்தான்.

எழுதுவதே ஒரு சோதனை. அமெரிக்க நீதிபதிகளிடையே ஒரு பேச்சு உண்டு: சில முடிவுகள் 'எழுத வராது'. அறைக்குள் பேசும்போது சரியாகத் தோன்றியது, எதிர்வாதத்துக்குப் பதில் எழுத உட்காரும்போது நொறுங்கிவிடும். அப்போது முடிவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தின் முதல் பயன் இதுதான் என்பேன்.

படி 1: எலும்புக்கூட்டைப் பிரித்தெடுங்கள்

பெரும்பாலான தீர்ப்புகளில் ஐந்து பகுதிகள் இருக்கும்: நடந்தது என்ன, முடிவு செய்ய வேண்டிய கேள்விகள் எவை, இரு தரப்பும் சொன்னது என்ன, நீதிமன்றத்தின் காரணங்கள், இறுதி உத்தரவு. தலைப்பிட்டுப் பிரித்திருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கேள்விகளை 'எழுவினாக்கள்' என்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 20, விதி 5 ஒவ்வோர் எழுவினாவுக்கும் தனித்தனியே முடிவும் காரணமும் சொல்லச் சொல்கிறது. ஒன்றோ சிலவோ வழக்கைத் தீர்க்கப் போதுமானால் மட்டும் விதிவிலக்கு.

கேள்விகளைக் குறிக்கும்போது அவை எந்த வரிசையில் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803இல் முடிவுசெய்த மார்பரி எதிர் மேடிசன் வழக்கைப் பாருங்கள். மார்பரிக்குப் பதவி நியமனப் பத்திரம் பெறும் உரிமை உண்டா? உண்டு. சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. சரி, இந்த நீதிமன்றம் அதைத் தர முடியுமா? முடியாது, ஏனென்றால் அந்த அதிகாரத்தைத் தரும் சட்டப்பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது. இரண்டு கேள்விகளில் ஜெயித்து மூன்றாவதில் தோற்றார் மனுதாரர். பொதுவாக நீதிமன்றங்கள் 'எங்களுக்கு அதிகாரம் உண்டா' என்பதையே முதலில் கேட்கும். தலைமை நீதிபதி மார்ஷல் அதைக் கடைசியில் வைத்தார். அதனால்தான் அரசு தவறு செய்தது என்றும் சொல்ல முடிந்தது, அரசுக்கு எதிராக உத்தரவு போடாமலும் இருக்க முடிந்தது. (அந்தப் பத்திரத்தை உரிய நேரத்தில் கொண்டு சேர்க்காமல் விட்ட முந்தைய வெளியுறவு அமைச்சர் இதே மார்ஷல்தான் என்பது தனிக்கதை.) வரிசை மாறியிருந்தால் ஒரே பக்கத்தில் தீர்ப்பு முடிந்திருக்கும்.

படி 2: தோற்ற வாதத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்

நீதிமன்றத்தின் பதிலைப் படிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். தோற்ற தரப்பின் ஆகச்சிறந்த வாதம் எது? அதை இரண்டு வரியில், அந்தத் தரப்பின் வழக்கறிஞரே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று தலையாட்டும்படி எழுதுங்கள்.

கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு தீர்ப்பில் தோற்றவரின் வாதம் ஒன்றரை வரியில் முடிந்திருக்கும். 'இது நியாயமற்றது என்று வாதிடப்பட்டது' என்பதோடு சரி. ஏன் நியாயமற்றது என்றார்கள், எந்தச் சட்டப்பிரிவைக் காட்டினார்கள், எந்த முன்தீர்ப்பைக் கொடுத்தார்கள் என்று ஒன்றும் இருக்காது. உங்களால் இரண்டு வரி எழுத முடியவில்லை என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. கிடைத்தால் மேல்முறையீட்டு மனுவையோ எழுத்துப்பூர்வ வாதத்தையோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வாதம் சுருங்கியிருக்கிறதா, உருமாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வாதத்தைத் திரித்துச் சொல்லிவிட்டால் முறியடிப்பது சுலபம். 1896இல் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத்தான் செய்தது. ரயிலில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி ஒதுக்கும் லூசியானா சட்டம் அவர்கள் மீது தாழ்வு முத்திரை குத்துகிறது என்பது வாதம். தாழ்வு என்று ஏதாவது இருந்தால் அது சட்டத்தால் வருவதல்ல, கறுப்பின மக்கள் தாங்களே அப்படி அர்த்தம் செய்துகொள்வதால் வருவது என்று பெரும்பான்மை பதில் சொன்னது. சட்டம் என்ன செய்கிறது என்ற வாதம் எப்படிப் புரண்டுவிட்டது, பார்த்தீர்களா? பாதிக்கப்பட்டவர் எப்படி உணர்கிறார் என்ற பேச்சாக மாறி, குற்றமும் அவர் தலையிலேயே விழுந்தது. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். 1954இல் பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பள்ளிகளில் பிரித்துவைப்பது செல்லாது என்றார்கள். பிரித்துவைப்பது குழந்தைகளிடம் தாழ்வுணர்வை உண்டாக்குகிறது என்ற முடிவை ஏற்று, பிளெஸ்ஸி தீர்ப்பில் அதற்கு மாறாக உள்ள எந்தச் சொல்லும் நிராகரிக்கப்படுகிறது என்று நேரடியாகவே எழுதினார்கள்.

படி 3: வாதம் எந்த இடத்தில் விழுந்தது?

'நீதிமன்றம் ஏற்கவில்லை' என்பது ஒரே விஷயம்போலத் தெரிந்தாலும் உள்ளே பல ரகங்கள் உண்டு. எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் நடுத்தூண்.

சில வாதங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். காலவரம்பு கடந்துவிட்டது, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, கீழமை நீதிமன்றத்தில் எழுப்பாததை இங்கே எழுப்ப முடியாது என்பதுபோல. இப்படித் தள்ளப்பட்ட வாதம் தவறு என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்கவே இல்லை. 'அந்த வாதத்தை நீதிமன்றம் நிராகரித்துவிட்டது' என்று செய்தியில் எழுதும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். இன்னொருவர், இன்னொரு நாள், சரியான வாசல் வழியாக அதே வாதத்தைக் கொண்டுவரலாம்.

சிலவற்றை 'இந்தக் கேள்விக்குள் போகத் தேவையில்லை' என்று ஓரம் வைப்பார்கள். வேறொரு காரணத்தாலேயே வழக்கு முடிந்துவிட்டால் இது நியாயமான அடக்கம். அதுவும் நிராகரிப்பு அல்ல.

'அப்படியே என்று வைத்துக்கொண்டாலும்' என்று தொடங்கும் பத்திகள் இருக்கும். நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அது உண்மையானாலும் முடிவு மாறாது என்று காட்டுகிறது. தோற்றவரைத் திருப்திப்படுத்தும் வழிகளில் இது வலிமையானது. அவருடைய தளத்திலேயே நின்று அவருக்குப் பதில் சொல்கிறதே.

'உண்மைதான், ஆனால்' என்பது இன்னொரு ரகம். வாதத்துக்குக் கனம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, எதிரில் இருப்பது அதைவிடக் கனமானது என்று காட்டுவது. இதில் பார்க்க வேண்டியது: எதற்கு எதிராக எதை நிறுத்துப் பார்த்தார்கள், ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லியிருக்கிறார்களா? 'இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து' என்று எழுதிவிட்டு, தராசையே காட்டாத தீர்ப்புகள் நிறைய.

முன்தீர்ப்பை அடிப்படையாகக் கொண்ட வாதம் என்றால், 'அந்த வழக்கு வேறு, இந்த வழக்கு வேறு' என்று வேறுபடுத்துவார்கள். வேறுபாடு காட்டுவது மட்டும் போதாது. அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு வழக்குகளுக்கிடையே வேறுபாடு எப்போதும் இருக்கும்.

இவை ஒரே வழக்கில் எப்படி மோதிக்கொள்கின்றன என்பதை நெருக்கமாகப் பார்க்க, சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நத்தை வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், மே டோனஹூ என்பவருக்கு அவருடைய தோழி ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுக்கிறார். கறுப்புக் கண்ணாடிப் பாட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவருடைய புகார். பானத்தை வாங்கியவர் தோழி என்பதால் டோனஹூவுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. தயாரித்த ஸ்டீவன்சன் மீது வழக்குத் தொடர முடியுமா? 1932இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடியும் என்றது. ஒன்றைக் கவனியுங்கள்: நத்தை இருந்ததா என்று அந்தச் சபை விசாரிக்கவே இல்லை. 'புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால்' சட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. நத்தை கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. முதலாம் படியில் 'நடந்தது என்ன' பகுதியைப் பிரிக்கும்போது இதைக் கவனிக்காமல் போனால் தீர்ப்பையே தவறாகப் படித்துவிடுவோம். நானும் முதல் வாசிப்பில் தவறவிட்டேன்.

தயாரிப்பாளரின் பக்கம் இருந்த பெரிய ஆயுதம் 1842ஆம் ஆண்டின் வின்டர்பாட்டம் எதிர் ரைட் வழக்கு. பழுதான தபால் வண்டியால் காயம்பட்ட ஓட்டுநர், வண்டியைப் பராமரிக்கும் ஒப்பந்தம் எடுத்தவர் மீது வழக்குப் போட்டுத் தோற்றார். ஒப்பந்தத்துக்கு வெளியே ஓர் அடி எடுத்து வைத்தால் ஐம்பது அடி ஏன் போகக்கூடாது என்று அன்றைய நீதிபதி ஆல்டர்சன் கேட்டிருந்தார். 1932இல் சிறுபான்மையில் நின்ற பக்மாஸ்டர் பிரபு அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டார். எதிர்த் தரப்பு நம்பியிருந்த இரண்டு பழைய வழக்குகளை, அவற்றின் ஆவி இனி சட்டத்தைத் தொந்தரவு செய்யாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும் என்றும் எழுதினார்.

பெரும்பான்மையில் இருந்த அட்கின் பிரபு அந்தப் பழைய வழக்கை எப்படிக் கையாண்டார்? தவறான தீர்ப்பு என்று தூக்கி எறியவில்லை. அந்த வழக்கில் ஓட்டுநர் ஒப்பந்தத்திலிருந்து பிறந்த கடமையை மட்டுமே சொன்னார், அதற்கு அப்பாற்பட்ட கவனக்குறைவைச் சொல்லவே இல்லை, ஆகவே அங்கே இந்தக் கேள்வி எழவில்லை என்று காட்டினார். வேறுபாடு என்ன, அது ஏன் முக்கியம் என்ற இரண்டுக்கும் பதில் இருக்கிறது. 'ஐம்பது அடி' அச்சத்துக்கோ எல்லைக்கோடு ஒன்றைப் பதிலாக வைத்தார்: நம் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்று நாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள் மட்டுமே நம் 'அண்டை வீட்டார்'. கதவைத் திறந்தால் கூட்டம் புகுந்துவிடும் என்ற வாதத்துக்கு, கதவில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் பதில்.

இதே வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் டாம்லின் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பில் இருக்கிறது. இந்த வாதத்தை ஏற்றால் என்ன விபரீதம் வரும் தெரியுமா என்பதற்கு அவர் 1842இல் சொல்லப்பட்ட ஓர் உதாரணத்தை மேற்கோள் காட்டுகிறார். வெர்சாய் ரயில் விபத்துபோல ஒன்றில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் பழுதான அச்சைத் தயாரித்தவர் மீது வழக்குப் போட்டுவிடுவார்கள்! இன்று படிக்கும் யாருக்கும் தோன்றுவது, 'போடட்டுமே, அதில் என்ன தப்பு?' என்பதுதான். 'இதை ஏற்றால் இன்னது நடந்துவிடும்' என்ற வகைக் காரணத்தை எங்கே கண்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். அது நிஜமாகவே நடக்குமா? நடந்தால் அது கெடுதலா?

படி 4: சாட்சியை நம்பாததற்குக் காரணம் இருக்கிறதா?

பெரும்பாலான வழக்குகளில் மோதல் சட்டத்தைப் பற்றியதே அல்ல. யார் சொல்வது உண்மை என்பதுதான். 'முதல் சாட்சியை நம்புகிறேன், இரண்டாம் சாட்சியை நம்பவில்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் தோற்றவருக்குக் கையில் ஒன்றும் இல்லை. குறுக்கு விசாரணையில் எங்கே முரண்பட்டார், எந்தச் சான்றாவணம் அவர் சொல்லைப் பொய்யாக்குகிறது என்று இருக்க வேண்டும்.

நேரில் கண்ட சாட்சி என்றால் நீதிபதிக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. முகத்தையும் தடுமாற்றத்தையும் நேரில் பார்த்தவர் அவர். நிபுணர் சாட்சிக்கு அந்தத் தளர்வு கிடையாது. ஒரு நிபுணர் காரணத்தோடு ஒன்று சொல்கிறார், மற்றவர் காரணத்தோடு வேறொன்று சொல்கிறார்; அங்கே காரணத்துக்குக் காரணம் வைத்துத்தான் பேச வேண்டும். 1999இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்த ஃபிளானரி வழக்கு இதற்குத்தான் பெயர்பெற்றது. வீடு ஒன்றின் மதிப்பீட்டில் கட்டுமானக் குறையைக் கவனிக்கத் தவறினார்களா என்பது பிரச்சினை. விசாரணை நீதிபதி ஒரு தரப்பின் நிபுணர்களை ஏற்றார், ஏன் என்று சொல்லவில்லை. முடிவு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாததால் மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று.

படி 5: பதிலே சொல்லாமல் விட்டது எது?

இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய வாதத்தை எடுத்துக்கொண்டு தீர்ப்பைத் தேடுங்கள். பதில் எங்கே? 'இரு தரப்பு வாதங்களையும் கவனமாகப் பரிசீலித்தோம்' என்ற வாக்கியம் பதில் ஆகாது. அது ஒரு ரப்பர் முத்திரை.

அதற்காக எல்லா மௌனமும் குற்றமல்ல. வழக்கறிஞர்கள் இருபது வாதங்களை அள்ளிக் கொட்டுவதுண்டு. அதில் பதினைந்து வெறும் நிரப்பல். ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் எழுத வேண்டியதில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1994இல் வான் டி ஹூர்க் எதிர் நெதர்லாந்து வழக்கில் சொன்னது. அதே வருடம் டிசம்பரில், ரூயிஸ் தோரிஹா எதிர் ஸ்பெயின் வழக்கில், மௌனத்துக்கு எல்லை எது என்றும் காட்டிவிட்டது.

மதுக்கடை நடத்திய வாடகைதாரர் ஒருவர் கடைக்குள் சூதாட்ட இயந்திரங்கள் வைத்தார். அது வாடகை ஒப்பந்தத்தை மீறியது என்று காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தார். வாடகைதாரர் சொன்ன பதில்களில் ஒன்று, உரிமையாளர் காலவரம்பு கடந்து வந்திருக்கிறார் என்பது. முதல் நீதிமன்றத்தில் வாடகைதாரர் ஜெயித்தார். மேல்முறையீட்டில் தோற்றார், அந்தத் தீர்ப்பில் காலவரம்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனித உரிமை நீதிமன்றம் கேட்டது எளிய கேள்விதான்: இந்த வாதத்தைக் கவனிக்க மறந்தார்களா, அல்லது கவனித்துத்தான் தள்ளினார்களா, தள்ளினார்கள் என்றால் ஏன்? தீர்ப்பைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்றது. காலவரம்பு வாதம் சரியானால் வழக்கு அத்தோடு முடிந்திருக்கும், மற்ற வாதங்களுக்குள் அதை ஒளித்துவைக்கவும் முடியாது.

நீங்களும் இந்த அளவுகோலையே வைத்துக்கொள்ளலாம். பதில் இல்லாத வாதத்தைப் பார்த்து, 'இது சரியென்றால் முடிவு மாறியிருக்குமா?' என்று கேளுங்கள். மாறியிருக்காது என்றால் விட்டுவிடுங்கள். மாறியிருக்கும் என்றால் சிவப்புப் பேனாவை எடுங்கள். மேல்முறையீட்டுக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். சொந்த வழக்கு என்றால் மேல்முறையீட்டுக்கான கால அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தீர்ப்பை அலசி ரசிப்பதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பக்கங்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் மதிப்பிடாதீர்கள். பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 வரை தீர்ப்புகளை ஒரே நீண்ட வாக்கியமாகச் சுருக்கமாக எழுதிவந்தது. மறுபக்கம், இந்தியாவில் கேசவானந்த பாரதி வழக்கை 1973இல் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று முடிவுசெய்தபோது 11 தனித்தனித் தீர்ப்புகள் வந்தன. பெரும்பான்மை எதில் உடன்பட்டது என்று எண்ணிக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு ஒரு சின்ன அறிகுறி உதவும்: 'சந்தேகத்துக்கே இடமின்றி', 'தெள்ளத் தெளிவாக', 'சொல்லவே வேண்டியதில்லை' போன்ற சொற்கள் எங்கே திரள்கின்றனவோ அங்கே நின்று இன்னொரு முறை படியுங்கள். தெளிவாக இருப்பதைத் தெளிவு என்று சொல்ல வேண்டிய அவசியம் வருவதில்லை.

படி 6: மாறுபட்ட தீர்ப்பைப் படியுங்கள்

பல நீதிபதிகள் சேர்ந்து விசாரித்த வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தோற்ற வாதத்தை நீதிபதி ஒருவரே எடுத்து, செதுக்கி, பெரும்பான்மையின் முன் வைத்திருக்கிறார். எல்லா நீதிமன்றங்களிலும் இது கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரே குரலில்தான் பேசும். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 1970இல்தான் இதற்கு இடம் கிடைத்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பெரும்பான்மை இதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா?

1941, பிரிட்டன், போர்க்காலம். லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சன் வழக்கு. ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்க, உள்துறை அமைச்சருக்கு 'நியாயமான காரணம் இருந்தால்' என்பது விதி. அப்படி ஒரு காரணம் இருப்பதாக அமைச்சர் நினைத்தால் போதும் என்றது பெரும்பான்மை. நத்தை வழக்கின் அதே அட்கின் பிரபு இங்கே தனியாக நின்றார். ஒருவருக்குக் கணுக்கால் முறிந்திருந்தால் என்பதும், முறிந்திருப்பதாக அவர் நினைத்தால் என்பதும் ஒன்றாகுமா என்று கேட்டார். இதற்குப் போரின் நெருக்கடி பற்றிய பேச்சு பதிலாக வரலாம். இலக்கணத்தில் பதில் கிடையாது. 38 வருடம் கழித்து 1979இல், அதே சபையில் டிப்ளாக் பிரபு, அன்றைய பெரும்பான்மை தவறு செய்தது, ஒருவேளை அந்தக் காலத்தில் மன்னிக்கத்தக்க தவறு, அட்கின் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்.

இந்தியாவில் 1976 ஏப்ரல் 28 அன்று வந்த ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பும் இதே வகை. நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, சொந்தப் பகையால் ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பது அவருக்குக் கிடைத்த பதில். அந்தக் கேள்வி மேசைமேல் கிடக்கிறது. பெரும்பான்மை என்ன செய்தது? நீதிபதி எம்.எச். பெய்க், காவலில் இருப்பவர்களை அரசு ஏறக்குறைய ஒரு தாயைப்போலக் கவனித்துக்கொள்கிறது என்று எழுதினார். நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், அப்படிப்பட்ட கொடுமைகள் நடக்காது என்ற வைரம்போன்ற நம்பிக்கை தனக்கு இருப்பதாக எழுதினார். நம்பிக்கை ஒரு காரணம் ஆகுமா? தோற்றவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த இடம் வெற்றிடமாகத்தான் தெரியும்.

கன்னாவோ, உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கொடுத்த கொடை அல்ல, அந்தப் பிரிவு முடங்கினாலும் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஓர் உயிரைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் வந்துவிடாது என்று நேரடியாகப் பதில் எழுதினார்.

படி 7: பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள்

கையில் இருக்கும் தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறதா என்று பார்க்காமல் மேற்கோள் காட்டுவது ஆபத்து. பின்னால் வந்த தீர்ப்புகள் அதைப் பின்பற்றினவா, வேறுபடுத்தினவா, ரத்து செய்தனவா? சட்ட இணையதளங்களில் வழக்கின் பெயரைத் தேடினால் அதைக் குறிப்பிட்ட பின்னாளைய தீர்ப்புகள் வரும்.

தேடும்போது தள்ளப்பட்ட வாதத்தின் பாதையையும் பின்தொடருங்கள். மாறுபட்ட தீர்ப்பில் தூங்கிக் கிடந்தது எழுந்து வருவதைப் பார்க்கலாம். எல்லாம் எழுந்து வராது; பக்மாஸ்டரின் 'ஐம்பது அடி' வாதம் அந்த வழக்கின் முடிவைப் புரட்டவே இல்லை என்றாலும், கவனக்குறைவுக்கான பொறுப்பு எங்கே முடிகிறது என்று நீதிமன்றங்கள் இன்றும் வரையும் கோடுகளில் அதன் சாயல் உண்டு.

நீங்களே முடிவெழுத வேண்டியிருந்தால்

விசாரணை அதிகாரியாகவோ, சமரசத் தீர்ப்பாளராகவோ, ஒரு சங்கத்தின் ஒழுங்குக் குழுவிலோ உட்கார வேண்டி வரலாம். அப்போது இதே படிகளைத் தலைகீழாகச் செய்யுங்கள். தோற்கப்போகிறவரின் வாதத்தை முதலில் எழுதுங்கள், அவர் படித்தால் ஒப்புக்கொள்ளும்படி. முடிவை மாற்றக்கூடிய வாதம் எதையும் பதிலில்லாமல் விடாதீர்கள். அவரை நம்பவில்லை என்றால் எந்த ஆவணத்தால், எந்த முரண்பாட்டால் என்று குறிப்பிடுங்கள். கிண்டல் வேண்டாம், அவருக்கு ஏற்கனவே ஒரு தோல்வி கிடைத்துவிட்டது. எழுதி முடித்ததும் முடிவு வரியை மறைத்துவிட்டு, விவகாரம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். காரணங்களை மட்டும் வைத்து முடிவை அவர் ஊகித்துவிட்டால் நல்லது. அவர் எதிர்ப்பக்கத்தைச் சொன்னால் இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜபல்பூர் வழக்கின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கன்னாவுக்கு அடுத்து வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி நீதிபதி பெய்க்குக்குப் போனது. கன்னா பதவி விலகினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பை ரத்து செய்தது. நான்கு நீதிபதிகளுக்காக முதன்மைத் தீர்ப்பை எழுதி, 1976இன் பெரும்பான்மைத் தீர்ப்புகள் கடுமையான பிழை கொண்டவை என்று சொன்னவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். வைரம்போன்ற நம்பிக்கையை எழுதியவரின் மகன்.